வாளிக்குள் சிலந்தி

குழு: தங்கச்சிமடம் வீடு

வசந்தா சித்தி: (புகைப்படம்) குளியலறைத் தரையில் இருந்தது. உள்ளங்கை அகலம்! வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டேன். பாப்பா பக்கத்தில்தான் நின்றாள்.

முருகன் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) தீவுச் சிலந்தி கடித்தால் 1 மணி நேரத்தில் மரணம்! உடனே எல்லோருக்கும் அனுப்பவும்!!

வசந்தா சித்தி: ஐயோ அண்ணே!

பிரபு: மாமா, சும்மா இருங்கள். சித்தி, அடித்துவிடாதீர்கள். முன்கால்களைத் தூக்கியதா? அடியில் மஞ்சளா?

வசந்தா சித்தி: ஆமாம், நல்ல மஞ்சள்.

பிரபு: அப்போது நம்ம ஊர் மரச்சிலந்தியாகத்தான் இருக்கும். 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் புதிய இனமென்று எழுதி, ராமேஸ்வரத்து அனுமவிலாசம் கோயில் பெயரிலேயே ‘ஹனுமவிலாசுமிகா’ என்று வைத்தார். இந்தியாவில் நம்ம ராமேஸ்வரம் தீவையும் மண்டபம் பக்கத்தையும் விட்டால் கிடைப்பது அரிது. புளி, பனை மரப் பொந்தில் இருக்கும். ராத்திரியில் பூச்சி பிடிக்கும். வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் பெண் தேடி அலையும் ஆண்தான்.

முருகன் மாமா: மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த இடம் குளியலறையா 😄

வசந்தா சித்தி: செல்வி, நீ நர்ஸ், நீ சொல். கடித்தால்?

செல்வி: இந்த வகைச் சிலந்தி கடித்து யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை சித்தி. ஆனால் லேசாகவும் எடுக்கக் கூடாது. வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும், தசைப்பிடிப்பு சில நாள் கழித்துக்கூட வரும். இதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது, வலிக்குத்தான் மருந்து. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸை துணியில் சுற்றி வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கயிறு கட்டுவது, கீறுவது வேண்டாம். ராத்திரியில் எது கடித்தது என்றே தெரியாவிட்டால் சிலந்தி என்று விட்டுவிடாதீர்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது.

பிரபு: சித்தப்பா வந்ததும் தடித்த அட்டையை வாளிக்கு அடியில் நுழைத்து, அப்படியே தூக்கிப்போய்ப் புளியமரத்தடியில் விடட்டும். கை படக் கூடாது.

வசந்தா சித்தி: அந்த மரத்தை நாளைக்கு வெட்டப் போகிறோமே? வெட்டுகிற ஆளிடம் 500 ரூபாய் முன்பணம் கொடுத்தாச்சு.

பிரபு: சித்தி!! மரம் போனால் அதற்கு வீடு ஏது? பிறகு உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

வசந்தா சித்தி: சரி சரி. அந்த ஆளைத் தேங்காய் பறிக்கச் சொல்கிறேன்.

முருகன் மாமா: எனக்கு 10 காய் எடுத்து வை.