ஊட்டி ரேடியோ தொலைநோக்கி: 530 மீட்டரும் ஒரே படத்தில் வர எங்கே நிற்கணும்?

முத்தொரை சரிவில் இருக்கும் தொலைநோக்கி முழு நீளத்துக்கும் ஒரே படத்தில் அடங்கவில்லை. நீளம் 530 மீட்டர், அகலம் 30. பூமியின் அச்சுக்கு இணையாக, வடக்கு தெற்காக 11 டிகிரி சரிவில் அமைந்தது. அதனால் கிழக்கிலோ மேற்கிலோ நின்றுதான் எடுக்க முடியும்.

கேமரா ஃபுல் ஃபிரேம், லென்ஸ் 24 மி.மீ. கணக்குப்படி (530 × 24 ÷ 36) குறைந்தது 353 மீட்டர் தள்ளி நிற்கணும். சாலையோரத்தில் அவ்வளவு தள்ளிப் போனால் மரங்கள் மறைக்கின்றன. போன் பனோரமாவில், தொலைநோக்கியைத் தாங்கும் 24 எஃகுச் சட்டங்களும் ஒரே மாதிரி இருப்பதால் மென்பொருள் குழம்பி ஒன்றிரண்டை விழுங்கிவிடுகிறது. முக்காலியில் 50 மி.மீ. போட்டு, பாதிக்குப் பாதி மேற்பொருந்த எடுத்து, இணைப்புப் புள்ளிகளைக் கையால் குறித்தால் சட்டங்கள் சரியாக வருகின்றன. ஆனால் மூடுபனியில் 1,100 எஃகுக் கம்பிகளும் காணாமல் போகின்றன. அந்தக் கம்பிகள்தானே ரேடியோ அலைகளைத் திருப்பும் எதிரொளிப்பான்!

ட்ரோன் வேண்டாம். 326.5 மெகாஹெர்ட்ஸில் விண்வெளியின் மிக மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்கும் கருவி அது, அருகில் எந்த ரேடியோ அலையும் கூடாது.

வரும் சனி, ஞாயிறு பயணம், இ-பாஸ் எடுத்தாச்சு. வளாகத்துக்கு வெளியே, கிழக்குப் பக்கம் 350 முதல் 400 மீட்டர் தூரத்தில், காலை வெயிலில் மறைப்பில்லாமல் தெரியும் பொது இடம் எது?