மலையடிவார மனைக்கு விலை கூட்டிக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? (வேலூர், சத்துவாச்சாரி)

கேட்டவர்: பாலாற்றங்கரை

வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் வேலூர் பஜார் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆஸ்துமா. பஸ் புகையும் தூசும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக இடம் தேடியதில் இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று, சத்துவாச்சாரியில் மலையை ஒட்டிய புது லேஅவுட். தெற்கே மலை, பக்கத்தில் மாந்தோப்பு. "பசுமை வளையத்தில் உங்கள் இல்லம்" என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். தோப்பைப் பார்த்த மனைக்கு மட்டும் சதுர அடிக்குத் தனி விலை. இன்னொன்று காட்பாடி காந்தி நகரில் ஒரு பழைய வீடு. இடித்துத்தான் கட்ட வேண்டும். அங்கே மலையும் இல்லை தோப்பும் இல்லை, ஆனால் தெருவில் நல்ல மரங்கள் இருக்கின்றன.

மலைப்பக்கம் குடியிருப்பவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே வெயில் குறைவாக இருக்கிறதா? அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டா?

---

பதில்: ஓட்டேரி அக்கா

தம்பி, நான் செவிலியராக இருந்தவள், இப்போது பாகாயம் பக்கம் இருக்கிறேன். அப்பாவின் ஆஸ்துமாவை மனதில் வைத்துச் சொல்கிறேன். பச்சையாகத் தெரிவதெல்லாம் மூச்சுக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். காலி மனைகளில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் பார்த்தீனியமும் ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தி எடுக்கும். கோடையில் மலைப் புல் தீப்பிடித்தால் புகை நேராக அடிவாரத்துக்குத்தான் வரும். பக்கத்தில் கல் குவாரி, கிரஷர் ஏதும் ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும் எங்கள் பகுதியை விட்டுப் போக எனக்கு மனமில்லை. சிஎம்சி கல்லூரி வளாகத்தின் பெரிய மரங்கள் பக்கத்தில் இருப்பதே ஒரு தைரியம். சாயங்காலம் பெண்கள் தனியாக நடக்கிற சாலை எந்த ஊரில் இருக்கிறதோ, அங்கே வீடு காலியானால் நாலு பேர் உடனே கேட்டு வருவார்கள். நிழலும் வேண்டும், தெருவிளக்கும் வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இருட்டும் நேரத்தில் இரண்டு இடத்திலும் நடந்து பாருங்கள்.

---

பதில்: சங்கிலி அளவு

தம்பி, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பதும் சத்துவாச்சாரியில் மலை ஓரத்தில்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் ஆனபின் வந்து கேட்பவர்களிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

நோட்டீஸில் எல்லாவற்றையும் ஒரே பச்சையாக அடித்திருப்பார்கள். அந்தப் பச்சை யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. மலைச்சரிவு காப்புக்காடாக இருந்தால் அது நிற்கும். 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்ற 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதே மலை வருவாய்த் துறைப் புறம்போக்காக இருந்தால் அந்த உறுதி இல்லை. மாந்தோப்போ பெரும்பாலும் யாரோ ஒருவரின் பட்டா நிலம். இன்று மரம் காய்க்கிறது. பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டால் நாளை அதுவும் லேஅவுட்தான். தோப்பைப் பார்த்த மனை என்று கூடுதல் பணம் வாங்குகிறவர், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை உங்களுக்கு விற்கிறார். இதை நான் கோபமாகவே சொல்கிறேன். இப்படிப் பணம் கொடுத்தவர்களின் ஜன்னலுக்கு எதிரே இரண்டு மாடி எழும்பியதைப் பல இடங்களில் அளக்கப் போனபோது பார்த்திருக்கிறேன்.

மலை, தோப்பு போக மூன்றாவது பச்சை, லேஅவுட்டுக்குள் பூங்கா என்று காட்டும் இடம். மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளி) என்று ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அப்புறம் பேச ஒன்றுமில்லை.

வெயிலுக்கு வருகிறேன். நம்மூர் மலைகள் பாறை மலைகள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பகலெல்லாம் காய்ந்த பாறை இரவு நெடுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். சரிவில் மரம் அடர்ந்திருந்தால் கதை வேறு. மொட்டைப் பாறை என்றால் அடிவார வீட்டு மொட்டை மாடியில் பாய் விரிக்க முடியாது. இன்னொன்று, மலை மேற்கே இருந்தால் சாயங்கால வெயில் சீக்கிரம் மறையும். உங்களுக்கு மலை தெற்கே இருக்கிறது. அந்த லாபம் இல்லை. குளிர்ச்சி வேண்டுமென்றால் மரம் தலைக்கு மேல் இருக்க வேண்டும். நிழலோடு இலை விடும் ஈரமும் சேர்ந்துதான் சூட்டைத் தணிக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற காட்டால் உங்கள் சுவர் குளிராது. வெயிலை மட்டும் பார்த்தால் காந்தி நகர் தெருதான் நல்லது.

அப்படியானால் நான் ஏன் இங்கேயே இருக்கிறேன்? விடிவதற்கு முன் மயில் அகவும். காட்டு ஓரம் வரை மண் பாதை போகிறது. காலையில் அந்தப் பாதையில் நடக்கும் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவோம். யார் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்பது நடையிலேயே தெரிந்துவிடும். தெருவில் புங்கனும் நாவலும் நட்டோம், துணி அலசிய தண்ணீரை ஊற்றியே வளர்த்தோம். இங்கே விற்றுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. அதனால் விலையும் இறங்குவதில்லை. ஆனால் இதற்கெல்லாம் காரணம் அந்தப் பாதை. மலைக்கும் தெருவுக்கும் நடுவே ஒருவர் மதில் எழுப்பிவிட்டால் நாளைக்கே எல்லாம் போய்விடும்.

மறக்காமல் ஓடையைப் பாருங்கள். மலைத் தண்ணீர் இறங்கும் வழி வருடத்தில் பல மாதம் காய்ந்து கிடக்கும், அதன் மேல் மண் கொட்டி மனை போட்டுவிடுவார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியதே, அந்த மாதிரி மழையில் ஓடை தன் பழைய வழியைக் கண்டுபிடித்துவிடும். புல வரைபடத்தில் அது இருக்கும். அரசின் இணைய சேவைத் தளத்தில் சர்வே எண் போட்டால் பட்டாவும் வரைபடமும், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேடும் கிடைக்கும்.

---

பதில்: வரைபடப் பித்தன்

நகர்த் திட்டமிடல் படிக்கிறேன். ஐயா சொன்னதோடு ஒன்று. லண்டனைச் சுற்றியுள்ள பசுமை வளையம் 1938இல் தனிச் சட்டம் போட்டுக் காத்தது. கட்டடம் வராது என்ற உறுதி இருப்பதால்தான் அதன் விளிம்பில் உள்ள வீடுகளுக்கு அவ்வளவு கிராக்கி. நோட்டீஸ் அடித்தவரால் அந்த உறுதியைத் தர முடியாது. பெங்களூரிலேயே பெருந்திட்டத்தில் பச்சையாகக் குறித்த நிலம் பின்னால் எப்படிச் சுருங்கியது என்பது உங்களுக்கே தெரியும். மாஸ்டர் பிளானில் அந்தத் தோப்பின் நிலப் பயன்பாடு என்னவென்று பாருங்கள். குடியிருப்பு என்று போட்டிருந்தால் கூடுதல் விலை வேண்டாம்.

கோட்டையை ஒட்டி ஏதாவது வீடு வந்தால் அதையும் யோசியுங்கள். தொல்லியல் துறை விதிப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் புதிதாகக் கட்டடம் எழும்பாமல் இருக்க அந்த விதி உதவும்.

---

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. 'அ' பதிவேடு எடுத்துப் பார்த்தேன். மலை காப்புக்காடுதான். தோப்பு தனியார் பட்டா, ஐயா சொன்னபடியே. மனைக்கு வடமேற்கு மூலையில் வரைபடத்தில் ஓடை மாதிரி இரட்டைக் கோடு ஒன்று போகிறது. நேரில் பார்த்தபோது அங்கே தார் ரோடு இருந்தது. குரங்கு, பாம்புத் தொல்லை எப்படி ஐயா? அம்மா அதைத்தான் கேட்கிறார்கள்.

---

பதில்: சங்கிலி அளவு

குரங்கு வரும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஜன்னலுக்கு வலை, மாடியில் வடகம் காயப்போட்டால் ஒருவர் காவல். பாம்பும் உண்டு. குப்பையும் செங்கல் குவியலும் இல்லாமல் வைத்திருந்தால் வீட்டுப் பக்கம் அதிகம் வராது. கடித்தால் நாட்டு மருந்து என்று நேரத்தைக் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடம் பயமுறுத்தாமல் சொல்லுங்கள்.

அந்த இரட்டைக் கோட்டின் மேல் தார் ரோடு என்றால், தண்ணீர் போக அடியில் குழாயோ கல்வெர்ட்டோ (சிறு பாலம்) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மூலை மனையைத் தொடாதீர்கள். அதே லேஅவுட்டில் மேட்டுப் பக்கம், தோப்பைப் பார்க்காத மனை ஒன்றைச் சாதாரண விலைக்குக் கேளுங்கள். நடைபாதை எல்லோருக்கும் ஒன்றுதான். படியவில்லையென்றால் காந்தி நகரையே முடியுங்கள், ஆனால் இடிக்கும்போது வாசலில் உள்ள மரத்தை மட்டும் மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிக் காப்பாற்றிவிடுங்கள். சர்வே எண்ணை இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள். வரைபடத்தை நானும் ஒருமுறை பார்க்கிறேன்.