மலேசியப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பது மாமன்னரா, மக்களவையா?

கேள்வி:
2022 நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் பின் அன்வார் இப்ராகிமை மாமன்னர் பிரதமராக நியமித்தார். மாமன்னர் பெயரளவிலான தலைவர்தான் என்றால், இம்முடிவை எந்த அதிகாரத்தின்படி எடுத்தார்?

பதில் 1:
மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரையே மாமன்னர் பிரதமராக நியமிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு. ஓர் அணி தெளிவாக வென்றுவிட்டால் அவருடைய கருத்துக்குப் பெரிய வேலை இல்லை. அந்தத் தேர்தலில் 222 இடங்களில் எந்த அணிக்கும் 112 கிடைக்காததால், அவர் தலைவர்களை அரண்மனைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. அன்வாருடன் இணைந்து ஆட்சியமைக்க, போட்டி அணியின் தலைவர் முகைதீன் யாசின் மறுத்துவிட்டார். யாருக்கும் ஆதரவில்லை என்றிருந்த மற்றோர் அணியான தேசிய முன்னணி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்ட பின்னரே, நவம்பர் 24 அன்று அன்வார் பதவியேற்றார். ஆகவே மாமன்னர் பெரும்பான்மையை உருவாக்கவில்லை, அது எங்கே இருக்கிறது என்று கண்டறிந்தார் என்பதே என் கருத்து.

பதில் 2:
அதிலும் கண்டறிதல் எங்கே முடிகிறது, தேர்வு எங்கே தொடங்குகிறது என்பது விவாதத்துக்குரியதுதான். பிரதமர் நியமனம், நாடாளுமன்றத்தைக் கலைக்க இசைவு மறுத்தல் ஆகியவற்றை 40ஆவது பிரிவு மாமன்னரின் விருப்புரிமையில் விடுகிறது. மற்றவற்றில் பெரும்பாலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும். அன்வாரும் அரண்மனை நியமனத்தோடு நின்றுவிடாமல், டிசம்பர் 19 அன்று அவையில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தார். அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

கேள்வி கேட்டவர்:
மாமன்னர் மாறினால் பிரதமரும் மீண்டும் நியமிக்கப்பட வேண்டுமா?

பதில் 1:
வேண்டியதில்லை. ஒன்பது மாநில ஆட்சியாளர்களிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருவர் மாமன்னராகிறார். 2024 ஜனவரி 31 அன்று ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அரியணை ஏறியபோதும் அன்வாரே பிரதமராகத் தொடர்ந்தார்.