ஃப்ரெஸ்ஸன், எஸ்ஸன்: ரெண்டும் ஒரே வேரா?

கேள்வி:
ஜெர்மன் கத்துக்கிட்டு இருக்கேன். மனுஷன் சாப்பிட்டா எஸ்ஸன், மிருகம் தின்னா ஃப்ரெஸ்ஸன்னு சொல்லிக்கொடுத்தாங்க, மனுஷனுக்கு ஃப்ரெஸ்ஸன் போட்டா திட்டுற மாதிரி ஆயிடுமாம். நம்ம சாப்பிடு, தின்னு மாதிரியே ரெண்டும் வேற வேற வேர்ச்சொல்லா இருக்கும்னு நினைச்சேன், சரியா?

பதில் 1:
இல்லைங்க, ரெண்டும் ஒண்ணுதான். ஃப்ரெஸ்ஸனுக்குள்ளயே எஸ்ஸன் உட்கார்ந்திருக்கு. ஃபெர்ஷ்டேஹன் (புரிஞ்சுக்கறது), ஃபெர்லீரன் (தொலைக்கறது)னு ஜெர்மன் வினைகளுக்கு முன்னாடி ஒரு ஃபெர் வருதில்ல, அதோட பழைய வடிவம் எஸ்ஸனோட ஒட்டி, நடுவுல இருந்த உயிரெழுத்து தேஞ்சு, ஃப்ர-ன்னு ஆயிடுச்சு. அர்த்தம் மிச்சம் வைக்காம தின்னு தீர்க்கிறது, அவ்ளோதான், மிருகம்ங்கறதெல்லாம் அப்புறம் வந்து ஏறுனது. கோதிக்னு ஜெர்மனுக்குச் சொந்தக்கார மொழி ஒண்ணு இருந்துச்சு, அதோட 4-ம் நூற்றாண்டு பைபிள்ல விதையைப் பறவைங்க தின்னுட்டுப் போற இடத்துலயும் இந்தச் சொல்லோட கோதிக் வடிவம்தான், ஊதாரி மகன் அப்பா சொத்தைத் தின்னு அழிச்சான்னு அண்ணன்காரன் பொருமுற இடத்துலயும் இதேதான்.

கேள்வி கேட்டவர்:
அட! ஆனா இறந்தகால வடிவத்துல வழக்கமா முன்னாடி கெ-ன்னு ஒண்ணு சேருமே, ஃபெர் சேர்ந்த வினைக்கு அது வராதே, ஃபெர்ஷ்டாண்டன்னுதானே சொல்றோம்? இதுக்கு மட்டும் கெஃப்ரெஸ்ஸன்னு எப்படி வருது?

பதில் 1:
நல்ல கேள்வி, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். உள்ள ஒரு முன்னொட்டு இருக்குங்கறதே பேசுறவங்களுக்கு மறந்துபோச்சு, அதனால இதைத் தனிச்சொல்லா எடுத்துக்கிட்டு முன்னாடி கெ போட்டாங்க. எஸ்ஸன்லயும் அதே கதைதான், முதல்ல கெ-எஸ்ஸன் சேர்ந்து கெஸ்ஸன்னு ஆச்சு, அதுல கெ இருக்கறது யாருக்கும் தெரியாமப் போகவும் இன்னொரு கெ சேர்த்து கெகெஸ்ஸன்னு ஆக்கிட்டாங்க. ஒரே சொல்லுல ரெண்டு கெ!

பதில் 2:
இங்கிலீஷையும் சேர்த்துப் பாருங்க. அங்க உயிரெழுத்துக்கு அப்புறம் ட வர்ற பல இடத்துல ஜெர்மன்ல ஸ வரும், வாட்டர் - வாஸர், ஈட் - எஸ்ஸன். அந்தக் கணக்குல ஃப்ரெஸ்ஸனுக்கு ஜோடி ஃப்ரெட். பழைய இங்கிலீஷ்ல அதுக்கும் விழுங்கறதுன்னுதான் அர்த்தம், அப்புறம் அரிக்கறதுன்னு ஆகி இப்போ கவலைப்படறதுன்னு நிக்குது. கவலை மனசை அரிக்குதுன்னு நாமளும் சொல்றோமே.

இன்னொண்ணு, ஆசிட் வச்சு உலோகத்தை அரிக்கறதுக்கு ஜெர்மன்ல எட்ஸன்னு சொல்வாங்க, அதுவும் எஸ்ஸன் குடும்பம்தான், தின்ன வைக்கறதுன்னு அர்த்தம். அது டச்சு வழியா இங்கிலீஷுக்குப் போய் எட்ச் ஆச்சு.

கேள்வி கேட்டவர்:
எட்ச்சும் ஈட்டும் சொந்தக்காரங்களா! ரொம்ப நன்றிங்க, இனி கெகெஸ்ஸன் எழுதும்போது ஒரு கெ-யை விட்டுட மாட்டேன்.