சீதன வீட்டில் ஒரு மறைவு: அந்தப் பழைய கதைகளில் மனைவி எங்கே?

வேலியோரம்:

ஆணை விரும்பும் ஓர் ஆண், அதை மறைத்து ஒரு பெண்ணைக் கலியாணம் செய்கிறான். இதைப் பற்றிய மூன்று கதைகளை இந்த மாதம் படித்தேன். படித்ததில் இருந்து மனம் ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, ஆந்த்ரே ழீத் 1902இல் பிரெஞ்சில் எழுதிய 'இம்மாரலிஸ்ட்'. தகப்பன் சாகக் கிடக்கிறார், அவர் மனம் குளிரட்டும் என்று மிஷேல் மார்செலினைக் கட்டுகிறான். காசநோயில் விழுந்தவனை அவள் இரவு பகலாகப் பார்த்துத் தேற்றுகிறாள். பிறகு அவள் நோயில் விழுகிறாள். அவனோ தன் மனம் போன திசைக்கெல்லாம், வட ஆபிரிக்கப் பாலைவனத்து ஓரம் வரை, அவளை இழுத்துக்கொண்டு போகிறான். அங்கேயே செத்துப்போகிறாள்.

இரண்டாவது, இஸ்மத் சுக்தாய் 1942இல் உருதுவில் எழுதிய 'லிஹாஃப்'. பஞ்சுப் போர்வை என்று பொருள். நவாப் ஊருக்கு நல்லவர், ஹஜ் செய்தவர், எந்தப் பெண்ணோடும் பெயர் கெடாதவர். மாளிகை முழுக்க இளம் மாணவர்கள், செலவெல்லாம் அவருடையது. பேகம் ஜானைக் கலியாணம் செய்து கொண்டுவந்து, வீட்டுச் சாமான்களோடு ஒரு சாமானாக வைத்துவிட்டு மறந்துபோகிறார்.

மூன்றாவது பிந்தியது: 1998இல் ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'சினமன் கார்டன்ஸ்'. ஆனால் கதை நடப்பது 1927இல், இலங்கையின் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்த கொழும்பில். முதலியார் பட்டம் பெற்ற ஒருவரின் மகன் பாலேந்திரன், மனைவியும் மகனும் உள்ளவன். லண்டனில் முன்பு அவன் நேசித்த ரிச்சர்ட் இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வருகிறான்.

மூன்றிலும் நான் தேடியது மனைவியைத்தான். ழீத் முழுக்கதையையும் கணவன் வாயில் கொடுத்துவிட்டார். மார்செலின் என்ன நினைத்தாள் என்று கடைசிவரை தெரியாது. சுக்தாய் மட்டும்தான் மனைவியின் அறைக்குள் போய் இருந்து எழுதியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை எழுதப்பட்டால் அது வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். பேகம் ஜான் கணவன் வீட்டில் அடைபட்டவள். எங்கள் பெண்களுக்குச் சீதனமாக வீடே வருகிறது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுகிறார். கிணறு அவளுடையது, வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா. ஒருவன் தன்னை மறைத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். இதை ஏன் நாங்கள் எழுதவில்லை?

நல்லூர் வாசகர்:

தங்கச்சி, நல்ல வாசிப்பு. கேள்வியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முப்பத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது எங்கள் எழுத்தின் வழி இல்லை.

எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் இருக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தார்கள். கலியாணம் செய்யாமல் கோயில் தொண்டிலேயே காலம் போக்கிய சின்னையாமார் எத்தனை வீட்டில்! கலியாணம் செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, கடைசிவரை ஒரு சிநேகிதரோடு பின்னேரம் கடற்கரைக்குப் போய்வந்தவர்களும் உண்டு. ஊர் கண்டது, கேட்கவில்லை. நான் அதை இரக்கம் என்று சொல்வேன். நீங்கள் கேட்கிற கதை வந்தால், அடுத்த நாளே ஒழுங்கைக்கு ஒழுங்கை அமைதியான மனிதர்களை எல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவார்கள். செத்துப்போனவர்களையும் விடமாட்டார்கள்.

பண்ணைக் காற்று:

மாஸ்டர், 'எங்கள் எழுத்தின் வழி இல்லை' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நல்லூரில் பிறந்த எழுத்தாளர் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) 1961இலேயே 'தீ' நாவலை எழுதினார். அது மறைத்த கலியாணத்தைப் பற்றியது இல்லைத்தான். ஆனால் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் எழுதியதற்காக எவ்வளவு பேச்சு வாங்கினார்! தமிழ்நாட்டில் கரிச்சான் குஞ்சு 1978இல் 'பசித்த மானிடம்' நாவலில் ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள உறவை நேராகவே எழுதினார். வழி இருந்தது, நடக்கத்தான் ஆள் குறைவு.

அக்கா, உங்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நான் ஆண்களை விரும்புகிறவன். வயது 34. மானிப்பாயில் ஓரிடத்தில் பேச்சுக்கால் நடக்கிறது, சாதகம் பொருந்திவிட்டதாம். உங்கள் பதிவைப் படித்தபோது, நீங்கள் மூன்று கதையிலும் ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடித்த மாதிரி இருந்தது. எங்களை மறைக்க வைத்தது யார்? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையை இங்கிலிஷ்காரன் எழுதிவிட்டுப் போனான். ஒரே பாலினருக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் திருத்தியபோது நீக்காமல், பெண்களையும் அதற்குள் சேர்த்தார்கள். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தப் பாரத்தை இறக்கி வைத்தது. இங்கே 2023 மே மாதம் உயர் நீதிமன்றம், அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று சொன்னது. அந்தப் பாராளுமன்றம் கலையும் வரை அது நிறைவேறவில்லை. பாலேந்திரனை இழுத்துக்கொண்டு வந்து கலியாண மணவறையில் இருத்தியது அவனுடைய தகப்பன். அவனும் அடைபட்டவன்தான்.

இன்னொன்று. ழீத்தின் கதையில் வருகிறவர்கள் சிறுவர்கள். நவாப் வீட்டில் இருப்பவர்கள் அவர் காசில் படிக்கிற இளம் பொடியன்கள். அந்தக் காலத்தில் இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பினார்கள். பிள்ளைகள் மேல் கைவைப்பது கொடுமை, அது வேறு. வளர்ந்த இருவர் ஒருவரையொருவர் நேசிப்பது வேறு. செல்வதுரைதான் இதைப் பிரித்து எழுதினார். அதனால் அவரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வேலியோரம்:

தம்பி, சிறுவர்கள் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் அடைபட்டவன் என்பதால் கதை முடிந்துவிடாது. பாலேந்திரனுக்கு ஒரு கடந்தகாலம் இருக்கிறது, ரிச்சர்ட் என்று ஒரு பெயர் இருக்கிறது, தகப்பனோடு மோதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மனைவி சோனியாவுக்கு என்ன இருக்கிறது? தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாத ஒருத்தி எதோடு மோதுவாள்? அந்த நாவலை நானும் நேசித்துத்தான் படித்தேன். அவளுடைய அறைக்கதவு மட்டும் திறக்கவே இல்லை என்பது என் மனக்குறை.

காணி உறுதி:

சட்டம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம், ஏனென்றால் இதில் மனைவிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் கொண்டுவந்தார்கள். சீதனம் பெண்ணுக்கு என்பது அதில் உறுதியாக இருக்கிறது. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் அவளுடைய சொத்து அவளுக்கே என்கிறது. ஆனால் அதே சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் தன் காணியையோ வீட்டையோ விற்க முடியாது, நன்கொடையாக எழுத முடியாது. உறுதி அவள் பெயரில், ஒப்பம் அவன் கையில். 'அவளுடைய வீடு' என்று வேலியோரம் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மணநீக்கத்துக்கு இங்கே மூன்று காரணம்தான்: கலியாணத்துக்குப் பிறகு பிறரோடு உறவு, வன்மத்தோடு கைவிட்டுப் போதல், கலியாண நாளிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. கணவன் வீட்டில்தான் இருக்கிறான், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான், மனைவி என்று மட்டும் அவளை நினைக்கவில்லை. இதை எந்தக் காரணத்துக்குள் எழுதுவது? என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு நான் நேரான பதில் சொன்னதில்லை. அவரைக் கோர்ட்டில் இழுத்தால் 365அ அவர் மேல் விழும். அந்தப் பயத்தில் அவளும் வாய் திறக்க மாட்டாள். ஒரே பிரிவு இரண்டு பேரையும் கட்டிப்போட்டிருக்கிறது.

நல்லூர் வாசகர்:

இதையெல்லாம் சட்டத்தரணிகள் பார்க்கட்டும். கதைக்கு இதில் என்ன வேலை? 'லிஹாஃப்' வந்த பிறகு ஆபாச வழக்குப் போட்டு லாகூர் வரை இழுத்தார்களே, அந்தப் பெண் எழுதி என்ன கண்டார்?

பெயர் வேண்டாம்:

இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்தவள். இன்று எழுதுகிறேன்.

எனக்குக் கலியாணம் 2010இல். அம்மாவின் வளவில் பாதியைப் பிரித்து வீடு கட்டித் தந்தார்கள். வேலியோரம் எழுதியது போலத்தான், அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான், நடுவில் கிடுகு வேலி, அதில் ஆள் நுழைந்து போய்வர ஒரு பொட்டு. அவர் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கை நீட்டியதில்லை. அம்மாவுக்கு வருத்தம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஊர் முழுக்க 'உனக்கு வாய்த்த மாதிரி யாருக்கு வாய்க்கும்' என்றார்கள்.

பிள்ளை இல்லை. மூன்றாம் வருடத்தில் இருந்து கேள்வி தொடங்கியது. செல்வச்சந்நிதி, நயினாதீவு, எல்லா நேர்த்தியும் வைத்தோம். பிறகு கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு ஊசி, எனக்கு ஸ்கேன், வயிற்றில் துளை போட்டுக் கமரா விட்டுப் பார்த்ததும் எனக்குத்தான். அவர் ஒவ்வொரு முறையும் கூடவே வந்து வெளியே வாங்கில் இருந்தார். வரும்போது எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் வருடத்தில் எத்தனை முறை என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டபோது நான்தான் வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன்.

2019 மாரியில், ஒரு இரவு கரண்ட் இல்லை, அவராகவே சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. "அந்த ஊசியெல்லாம் போடும்போது ஏன் பார்த்துக்கொண்டு இருந்தீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மாஸ்டர், ஊர் கேட்கவில்லை, அது இரக்கம் என்று எழுதியிருந்தீர்கள். ஊர் அவரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டது. பத்து வருடம் ஒரு நாள் விடாமல் என்னைக் கேட்டது.

நல்லூர் வாசகர்:

பிள்ளை, உங்கள் எழுத்தை மூன்று தரம் படித்தேன். கடைசி வரிகளில் நீங்கள் சொன்னதை நான் இத்தனை வயதில் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த இரக்கத்துக்கு விலை கொடுத்தது வேறு ஓர் ஆள் என்று இன்றுதான் எனக்கு விளங்குகிறது.

ஆனாலும் என் பயம் போகவில்லை. உங்கள் கணவர் இங்கே, இந்த ஊரில் இருக்கிறார். இதை ஒருவர் கதையாக எழுதினால், அடையாளம் எவ்வளவு மாற்றினாலும், எங்கள் சனம் வீடு தேடிக் கண்டுபிடிக்கும். அவரும் நீங்களும் அதைத் தாங்குவீர்களா? எழுதினவர் கனடாவில் இருப்பார்.

வேலியோரம்:

மாஸ்டர், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எழுதி என்ன கண்டார் என்று கேட்டீர்களே, அதைச் சொல்ல வேண்டும்.

வழக்கில், ஆபாசமான சொல் எது என்று காட்டச் சொன்னபோது எதிர்த்தரப்பால் காட்ட முடியவில்லை. கதை சொல்வது ஒரு சின்னப் பிள்ளை, சுவரில் யானை மாதிரி அசைகிற போர்வையின் நிழலைத்தான் அவள் கண்டாள். சுக்தாய் தப்பினார். அதைவிடப் பெரியது அப்புறம் நடந்தது. அந்தக் கதை ஓர் உண்மைப் பெண்ணை மனதில் வைத்து எழுதியது. பல வருடம் கழித்து அலிகாரில் அந்தப் பெண்ணையே சந்தித்ததைச் சுக்தாய் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். திட்டுவாள் என்று பயந்து நின்றாராம். அவளோ நவாபை விட்டு விலகி, வேறு கலியாணம் செய்து, ஓர் ஆண்பிள்ளையும் பெற்றிருந்தாள். சுக்தாயைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள்.

ழீத் பக்கத்தையும் பாருங்கள். அவர் 1895இல் தன் மச்சாள் மதலேனைக் கட்டினார். அவளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அத்தனையையும் 1918இல் அவள் எரித்துவிட்டாள். கணவன் எழுதிய புத்தகங்கள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. மனைவி சொன்னதாக எனக்குத் தெரிந்தது அந்த நெருப்பு மட்டும்தான்.

பண்ணைக் காற்று:

அக்கா, பெயர் வேண்டாம் என்று எழுதினவங்களுக்கு. உங்கள் பதிவைப் படித்த பிறகு இரவு நித்திரை வரவில்லை. நேற்று வரைக்கும், கட்டினால் நல்லாகப் பார்த்துக்கொள்வேன், அவளுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கணவரும் இதைத்தான் நினைத்திருப்பார்.

காலையில் அம்மாவிடம் மானிப்பாய் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டு அழுகிறா. காரணம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சொல்லாமல் நிறுத்தினால் அதுவும் ஒரு மறைப்புத்தானே?

பெயர் வேண்டாம்:

தம்பி, அம்மாவுக்கு எப்போது சொல்வது என்பது உங்களுடையது, அதில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. மண்டபம் புக் பண்ணினதா? இல்லையென்றால் இன்றைக்கே தரகரிடம் சொல்லி அந்தப் பிள்ளையின் சாதகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கோ. பொருத்தம் இல்லை என்று சொல்ல வேண்டாம், அந்தப் பழி அவளுக்குப் போகும். மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை என்று சொல்லச் சொல்லுங்கோ.