எச்பி 41சிஎக்ஸ்: கணக்கு கரெக்டு, டைம் மட்டும் பேஜார்

ராயபுரம்_ரெட்ரோ:
வணக்கம் மக்களே, நைனா கப்பல்ல வேலை பாத்தப்போ வாங்கின எச்பி 41சிஎக்ஸ் கால்குலேட்டர் ஒண்ணு பீரோல கெடந்துச்சு, 1983-ல வந்த மாடல், உள்ளயே கடிகாரம் இருக்குமே அது. பழைய செல்லு கசிஞ்சு பச்சை புடிச்சிருந்துச்சு, தொடச்சிட்டு புது 'N' சைஸ் குட்டி செல் நாலு போட்டேன் (அதுக்கு பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட்னு ரெண்டு நாள் அலைஞ்சது தனி கதை). புதுசா போட்ட புரோகிராம்லாம் சூப்பரா ஓடுது. டைம்தான் ஒரு நாள் ரெண்டு நிமிஷம் கொறையுது, இன்னொரு நாள் ஆறு, நேத்து கொறையவே இல்ல. டெய்லி காலைல 'கரெக்ட்' கமாண்டு குடுத்து ஒட்டிட்டு இருக்கேன். கடிகாரத்துக்கு துடிப்பு குடுக்கற கிரிஸ்டல மாத்தணுமா?

சர்க்யூட்_மச்சி:
வெயில்தான் மச்சி, வேற இன்னா. இல்லன்னா பிராசஸர் பக்கம் இருக்கற கெப்பாசிட்டர மாத்திப் பாரு, ஸ்பீடு ஏறும்.

ஒத்தியூர்_பெரிசு:
தம்பி, அந்த கெப்பாசிட்டர் மேல கைய வெக்காத. பிராசஸருக்கு துடிப்பு குடுக்கறது காயில் வெச்ச ஆசிலேட்டர், டைமுக்கு தனியா 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. வெயிலும் இல்ல. இந்த மாதிரி கிரிஸ்டல் 25 டிகிரிக்குன்னு செஞ்சது, 40 டிகிரில வெச்சா கூட பத்து லட்சத்துல எட்டு பங்குதான் கொறையும், நாளைக்கு முக்கா செகண்டு கூட வராது. தெனமும் ஒரே அளவு கொறஞ்சா கிரிஸ்டல சந்தேகப்படலாம், உன்னுது நாளுக்கு ஒரு மாதிரி, அப்ப அது நடுநடுவுல நின்னு நின்னு ஓடுது.
இன்னொண்ணு, 'கரெக்ட்' குடுக்கறத மொதல்ல நிறுத்து. அது டைம வெக்கறதோட, நீ மாத்தின வித்தியாசத்த வெச்சு, கடிகாரம் தன்ன தானே சரி பண்ணிக்கற திருத்த அளவையும் சேத்து மாத்திடும். சைபர் போட்டு 'செட்ஏஎஃப்' குடு, அந்த திருத்த அளவு சைபராயிடும், இனிமே டைம் வெக்க 'செட்டைம்' மட்டும். அப்பறம் ரெண்டு மணிக்கு ஒரு தடவ நோட்டுல எழுது, எப்ப கொறையுதுன்னு பாப்போம்.

ராயபுரம்_ரெட்ரோ:
ண்ணே, மூணு நாள் எழுதினேன். பகல்ல ஒரு செகண்டு கூட நவுரல. ராத்திரி ஜன்னலாண்ட மேசைல வெக்கறேன், எல்லாம் அப்பதான் போவுது.

ஒத்தியூர்_பெரிசு:
காசிமேட்டு ஈரக் காத்து நேரா உன் ஜன்னலுக்குத்தான வருது. செல்லு கசிஞ்ச உப்பு போர்டுல ஒட்டிட்டு இருக்கும், காஞ்சா ஒண்ணும் பண்ணாது, ஈரம் பட்டா கரண்ட கசிய விடும். அந்த கிரிஸ்டல் ஓடறதே துக்கினியூண்டு கரண்டுல, அதோட கம்பிக் கால்கிட்ட லேசா கசிஞ்சாலும் படுத்துக்கும். இன்னிக்கு ராத்திரி சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு டைட்டா மூடற டப்பால வையி. அரிசி டப்பா வேணாம், தவுடு உள்ள போவும்.

ராயபுரம்_ரெட்ரோ:
டப்பால வெச்சா கொறையவே இல்ல ண்ணே! தொறந்துட்டேன், ரப்பர் காலுக்கு அடில நாலு ஸ்க்ரூ. கிரிஸ்டல் பக்கத்துல வெள்ளையா பூத்து கெடக்குது.

ஒத்தியூர்_பெரிசு:
புரோகிராம்லாம் எழுதி வெச்சியா? தொறக்க செல்ல கழட்டினதுல அழிஞ்சிருக்கும். வினிகர் ஒரு சொட்டு பட்ஸ்ல, ஒடனே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ரெண்டு தபா, ஒரு நாள் காய வுடு. மூடறப்ப ஸ்க்ரூவ ரொம்ப முறுக்காத, நாப்பது வருஷத்து பிளாஸ்டிக், ஸ்க்ரூ எறங்கற தூண் விரிஞ்சிடும்.

ராயபுரம்_ரெட்ரோ:
எழுதல ண்ணே 😭 நான் போட்ட புரோகிராம் எல்லாம் போச்சு. டைம் மட்டும் ஒரு வாரமா ஜன்னலாண்டயே வெச்சும் மூணு செகண்டுதான் வித்தியாசம்.