டர்ன்டேபிள் ஸ்டாண்டும் அதிர்வும்: கான்கிரீட் தரை வீடுகளில் கண்டவை

மதுரை வினைல்:
டர்ன்டேபிளுக்கு (ரெக்கார்டைச் சுழற்றும் கருவி) புது ஸ்டாண்ட் வாங்கக் காசு எடுத்து வைக்கும் முன், ஊசிக்கு அதிர்வு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். மோட்டாரை நிறுத்தி, சுழலாத ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கி, ஒலியை வழக்கமான அளவுக்கு மெல்ல ஏற்றுங்கள். பக்கத்தில் நடக்கும்போது 'டொம்' கேட்டால் தரை வழி. யாரும் அசையாமலே ஊளை கிளம்பினால் ஸ்பீக்கரின் பாஸ் (தாழ்ந்த ஒலி) திரும்பி ஊசிக்கு வருகிறது. உடனே ஒலியைக் குறைத்துவிடுங்கள், வூஃபர் (ஸ்பீக்கரில் பாஸ் தரும் பகுதி) தாங்காது.

கான்கிரீட் தளத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருக்கும், அல்லது ஸ்டாண்ட் அறை மூலையில் நிற்கும். பாஸ் அழுத்தம் உச்சமாக இருப்பது மூலையில்தான். முதலில் இடத்தை மாற்றுங்கள், அதற்குச் செலவே இல்லை.

ரசமட்டம்:
சரியாகச் சொன்னீங்க சார். அடுத்த தவறு, டர்ன்டேபிளுக்கு அடியில் வைக்க எடை பார்க்காமல் ரப்பர் பேட் வாங்குவது. பேடும் ஸ்பிரிங் மாதிரிதான். எடை ஏறியதும் ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அதன் இயல்பு அதிர்வெண் (தானாக ஆடும் வேகம்) ஹெர்ட்ஸில் கிடைக்கும். 2 மி.மீ. அமுங்கினால் 11 ஹெர்ட்ஸ். ரப்பரில் இது இன்னும் கொஞ்சம் கூடும். டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) கார்ட்ரிட்ஜும் (ஊசி பொருத்திய தலை) சேர்ந்து ஆடும் இடமும் 8–12 ஹெர்ட்ஸ்தான். அதாவது அந்த பேட் அதிர்வைத் தடுக்காமல், ஆகாத இடத்திலேயே பெருக்கிவிடும். 10 மி.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். 7 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தடுப்பு தொடங்கும்.

கணக்கு: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7 எடை 9.6 கிலோ. அடியில் 50×40×2 செ.மீ. கிரானைட் பலகை ஏறக்குறைய 10.8 கிலோ. நாலு ஸ்பிரிங் என்றால் ஒவ்வொன்றுக்கும் 5 கிலோ சொச்சம். ஒரு மி.மீ. அமுங்க அரை கிலோ கேட்கும் ஸ்பிரிங்காக வாங்குங்கள். உயரத்துக்கு ஏற்ற அகலம் இல்லையென்றால் பக்கவாட்டில் சாயும். உள்ளே கொஞ்சம் ஸ்பாஞ்ச் திணித்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். கல் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; அடிப்பக்கம் கார் கதவுக்குள் ஒட்டும் பிட்டுமன் ஷீட்டை ஒட்டிவிடுங்கள். எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது. பிளாட்டர் (ரெக்கார்ட் சுழலும் தட்டு) மேல் ரசமட்டம் வைத்து, மட்டம் வரும்வரை ஸ்பிரிங்குகளை நகர்த்துங்கள்.

லின் எல்பி12 மாதிரி உள்ளேயே ஸ்பிரிங் உள்ள டர்ன்டேபிள்களுக்கு இது வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் மேல் ஸ்பிரிங் வைத்தால் ஆட்டம் நிற்காது. எடை குறைந்த, விறைப்பான மேசை போதும்.

கோவை ட்யூப்:
ஸ்டாண்ட் காலில் மாட்டும் கூர்முனையான ஸ்பைக் பற்றி ஒரு வார்த்தை. அது அதிர்வைத் தடுக்காது. ஸ்டாண்ட் ஆடாமல் நிற்க உதவும், அவ்வளவே. அடியில் உலோகக் கிண்ணி வையுங்கள், இல்லையேல் டைல்ஸ் கீறும். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் டைல்ஸ் மேல் வைக்காதீர்கள், உடையும்.

வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்ட் செய்தால் 25×25 மி.மீ. சதுரக் குழாய், 18 மி.மீ. பிளைவுட். குழாய்க்குள் நிரப்பும் மணல் நன்றாகக் காய்ந்திருக்கணும், ஈரம் இருந்தால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) மேல் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், பின்னால் கேபிள் மடங்காமல் இருக்க இன்னொரு 10 செ.மீ.

டிரான்சிஸ்டர் ஆம்ப், டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் கருவி) இவற்றுக்கு அடியில் விலையுயர்ந்த கோன் (கூம்பு வடிவக் கால்) வைப்பது என் கருத்தில் வீண் செலவு. ட்யூப் ஃபோனோ (ஊசியின் சிக்னலை ட்யூபால் பெருக்கும் கருவி) வேறு கதை. பென்சிலால் ட்யூபை லேசாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்தால், முதலில் ட்யூபை மாற்றுங்கள்.

மதுரை வினைல்:
இன்னொன்று விட்டுப்போச்சு. ரெக்கார்ட் ஓடும்போது மட்டும் வூஃபர் மெதுவாக முன்னும் பின்னும் போனால், பெரும்பாலும் வளைந்த ரெக்கார்டின் வேலை. எந்த ஸ்டாண்டும் அதைச் சரிசெய்யாது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சப்சானிக் ஃபில்டர்தான் வழி.